உப்போடைப்பட்டி விலக்கில் நகர்ந்த படங்கள்

ஊருக்குள் சாலை பிரிகிற உப்போடைப்பட்டி விலக்கில் கட்டிய பேனர்களில் இருந்த படங்கள் தங்கள் இஷ்டத்துக்கு இடம் மாறத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்தில். முதலில் நகர்ந்தது கவுன்சிலர் தங்கமாயனின் பிறந்தநாள் பேனர். மேலே வட்டங்களுக்குள் தலைவர்கள், நடுவே ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்கும் தங்கமாயன், அவர் காலடியில் தபால்தலை அளவில் வரிசை வரிசையாக வார்டு இளைஞர்கள் என்று எல்லாம் முறைப்படி இருந்த பேனர்தான் அது. காஜா மைதீன் டீக்கடையைத் திறந்து பால் காய்ச்சும்போதுகூட வரிசை குலையவில்லை. முதல் டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தபோது ஓர் இளைஞன்கூட வரிசையில் இல்லை. எல்லாரும் வலது மூலையில் விளம்பரமாக அச்சாகியிருந்த பிரியாணிச் சட்டியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். "பசி நேரம்" என்று சொல்லிவிட்டுக் காஜா அடுத்த டீயை ஆற்றினார்.

ஆல்பர்ட்டைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விலக்கில் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை அவருடையது ஒன்றுதான். காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு, கட்சி விழா, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் எது நடந்தாலும் அதை ஊருக்குச் சொல்வது அவருடைய கம்ப்யூட்டர். யார் முகம் பெரிது, யார் முகம் சிறிது, யார் யாருக்குப் பக்கத்தில், யார் பின்னால் சிங்கம், யார் பின்னால் வெறும் மேகம் என்பதிலெல்லாம் ஒரு விரற்கடை பிசகினால் ஒரு சொந்தம் முறிந்துபோகும் என்று தெரிந்த மனிதர். "கர்த்தர் மேல சத்தியமா நான் வரிசையாத்தான் வச்சேன்" என்று அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். அதில் வரிசையாகத்தான் இருந்தது. தங்கமாயன் புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னார். மதியம் கட்டிய அந்தப் புதுப் பேனரில் சாயங்காலம் இளைஞர்கள் மறுபடியும் சட்டியைச் சுற்றி நின்றார்கள். இந்தத் தடவை தலைவர்களில் ஒருவரும் வட்டத்தைவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்.

அதற்கப்புறம் விலக்கில் கட்டுகிற எல்லாப் பேனர்களிலும் அது நடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் அசையாது. ஒரு டீயைக் குடித்து முடித்துத் திரும்பினால், ஒரு பஸ் வந்து நின்று மறைத்துவிட்டுப் போனால், யாரோ நகர்ந்திருப்பார்கள். ஆளுக்கு எங்கே நிற்கப் பிரியமோ அங்கே அவருடைய படம் போய் நின்றது. இவ்வளவுதான் விஷயம் என்று ஊர் சீக்கிரமே புரிந்துகொண்டது. ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு தடவை வந்து, நகர்ந்த படங்களால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் டீ குடித்துவிட்டுப் போனார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். நகர்ந்து முடித்த படங்களைப் போட்டோ எடுத்தால் அது சாதாரணப் பேனராகத்தான் தெரிந்தது. செய்தி உள்பக்கத்தில், தங்கம் விலைக்குக் கீழே, பெட்டி கட்டி வந்தது. மறுநாள் வேறு செய்தி வந்தது.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம்தான் பெரிசு. கல்யாணத் தரகர்கள் ஜாதகம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டின் கடைசிப் பேனரைப் போய்ப் பார்த்தார்கள். மாமனாரும் மருமகனும் எந்த இடைவெளியில் நிற்கிறார்கள் என்பது ஒரு பொருத்தமாகவே சேர்ந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலிப் பேனரில் செத்தவர் நகர்வதில்லை, சுற்றி இருப்பவர்கள்தான் நகர்ந்தார்கள்; மூன்றாம் நாளுக்குள் யார் கிட்டே வந்திருக்கிறார், யார் ஓரத்துக்குப் போய்விட்டார் என்று பார்த்துவிட்டுத்தான் துக்கம் கேட்கப் போனார்கள். தங்கமாயன் மட்டும் அதற்கப்புறம் தன் பேனர்களில் தனியாகவே படம் போட்டுக்கொண்டார். ஆல்பர்ட் ஒவ்வொருவரிடமும், "நகர இடம் விட்டு அடிக்கவா, இல்ல நெருக்கி அடிக்கவா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

ஆடி மாதக் கோயில் கொடையின்போது ஒரு நாள் அடிதடி வரைக்கும் போகப் பார்த்தது. வடக்குத் தெருவுக்கு ஒரு நிறம், தெற்குத் தெருவுக்கு ஒரு நிறம். பேனரின் ஓரத்து நிறத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே யார் வீட்டு விசேஷம் என்று பஸ்ஸில் போகிறவர்கள் சொல்லிவிடுவார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு கொடைப் பேனர்கள் எதிரெதிரே நின்றபோது, வடக்குத் தெரு தவிட்டுக்கடை சீமைச்சாமியின் படம் சாலையைக் கடந்து தெற்குத் தெருப் பேனரில் போய் நின்றுவிட்டது. இரண்டு தெருப் பெரிய மனிதர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடிவிட்டார்கள். சீமைச்சாமியைக் கடையிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவர் நிதானமாக அண்ணாந்து பார்த்தார். தெற்குத் தெருப் பேனரில் சைக்கிள் கடை ஞானமுத்துவுக்குப் பக்கத்தில் தன் முகம் இருந்ததைக் கண்டுகொண்டார்.

"எனக்கு வயசொத்த ஆளு அவன் ஒருத்தந்தான் மிச்சம். சீட்டு வெளையாட ஆளு வேணாமா?" என்றார்.

மடித்துக் கட்டிய வேட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. இத்தனை வருஷமாகக் கண்மாய்க் கரையில் மறைந்து விளையாடிய இருவரும் மறுநாளிலிருந்து சைக்கிள் கடை வாசலிலேயே உட்கார்ந்து விளையாடினார்கள். ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்தது. பிறகு, சீமைச்சாமி ஆட்டத்தில் ஏமாற்றுகிறார் என்பதைப் பற்றி முணுமுணுத்தது.

இப்படிப்பட்ட ஊரில்தான் செவ்வந்தி தன் மகள் கயல்நிலாவுக்குக் காதுகுத்து வைத்தாள்.

செவ்வந்தி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். அவள் புருஷன் மலையரசன் விலக்கிலிருந்து கீழக்குன்னம் வழியாகப் போய்வரும் மினிபஸ்ஸின் டிரைவர். கீழக்குன்னத்தில்தான் அவளுடைய ஒரே அண்ணன் வெள்ளைக்கண்ணு இருந்தார். மினிபஸ் தினமும் வெள்ளைக்கண்ணு வீட்டு வாசலை உரசிக்கொண்டுதான் போகும். போகும்போது மலையரசன் எதிர்ப்பக்கம் இருக்கிற புளியமரத்தைப் பார்ப்பார். வெள்ளைக்கண்ணு பஸ் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவார். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு மைல் நடந்து போய் வேறு பஸ் பிடிப்பார்.

அந்தச் சண்டையும் பேனரில் வந்ததுதான். படங்கள் நகர்வதற்கெல்லாம் வெகுகாலம் முன்னால், வெள்ளைக்கண்ணு வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ஆல்பர்ட் அடித்த பேனரில் ஆட்கள் கூடிப்போனதால், முதல் வரிசையில் வரவேண்டிய மாப்பிள்ளை மலையரசன் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அதோடு போயிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். கட்டப் போன இடத்தில் சவுக்குக் கொம்பு குட்டையாக இருந்தது. பேனர் தரையில் புரளாமல் இருக்கக் கட்டுகிறவர்கள் அடியை மடித்துக் கட்டிவிட்டார்கள். மலையரசன் பட்டு வேட்டியோடு வந்து இறங்கிப் பார்த்தபோது, தன் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மடிப்பு இருந்தது. சாப்பிடாமல் திரும்பிவிட்டார். "கொம்பு குட்டையாப் போச்சு, அதுக்கு நான் என்ன பண்ண?" என்று வெள்ளைக்கண்ணு நாலு பேரிடம் சொன்னார். "மடிச்சது ஃபிளெக்ஸவா, என்னையவா?" என்று மலையரசன் நாலு பேரிடம் கேட்டார். அந்த எட்டுப் பேரும் சொல்ல வேண்டியதைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கயல்நிலாவுக்குப் பெயர் வைத்தபோது மலையரசன் கட்டிய பேனரில் தாய்மாமன் படமே இல்லை. தங்கைக்குக் காலங்கடந்து பிள்ளை பிறந்திருக்கிறதே என்று தொட்டிலைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்த வெள்ளைக்கண்ணு, விலக்கிலேயே அந்தப் பேனரை மேலிருந்து கீழாக ஒரு தரம் வாசித்துவிட்டு, வண்டியை அணைக்காமலே திருப்பிக்கொண்டு போனார். அங்கன்வாடி வாசலிலிருந்து செவ்வந்தி அவர் முதுகைப் பார்த்தாள். கூப்பிட வாயெடுப்பதற்குள் வண்டி வளைவில் மறைந்துவிட்டது. சண்டையோடு நின்றிருந்த அண்ணன் தங்கை பேச்சு அதற்கப்புறமும் தொடங்கவில்லை.

காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். வேறு மடியில் உட்கார்த்திக் குத்திவிட்டால், எனக்கு இனி அந்த வீடு இல்லை என்று பெண் ஊரறியச் சொன்ன மாதிரி. மலையரசன் தன் பெரியப்பா மகனைச் சொல்லி வைத்திருந்தார். கூடவே, ஊர் வாயை அடைக்க ஓர் ஏற்பாடும் செய்தார்.

"போட்டோவ மட்டும் போட்டுக்குவோம். தாய்மாமன் இல்லாம நடத்துனான்னு ஒரு பேச்சு வேணாம்."

"போட்டோ நகருமேங்க" என்றாள் செவ்வந்தி.

"நகரட்டுமே. அவருக்கு எங்க நிக்கப் பிரியம்னு ஊரும் பாக்கட்டும்."

அண்ணன் மனசில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் இருந்தது. கோபம்தான், பாசம் போகவில்லை என்று அவள் பாட்டுக்கு நினைத்துக்கொள்ளலாம். இப்போது அதை விலக்கில் கட்டி, பஸ்ஸுக்கு நிற்கிறவனெல்லாம் வாசிக்கும்படி வைக்கப் போகிறார்கள்.

ஆல்பர்ட்டும் அதையேதான் சொன்னார். "யோசிச்சுக்கங்க அக்கா. கல்யாணப் பத்திரிகைல தப்புன்னா ஒட்டித் திருத்தலாம். இது அவராப் போய் நிக்கிறது. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"போடுங்க" என்றாள் செவ்வந்தி. "புதுமன விழாவுக்கு எடுத்த போட்டோ உங்ககிட்ட இருக்கும்ல?"

"இருக்கு. அதுல அண்ணனுக்கு முடி நெறைய இருக்கு."

பேனர் ஏறியது. நடுவில் ரோஜாப்பூக்களுக்குள் கயல்நிலா, இடப்பக்கம் மலையரசன், வலப்பக்கம் அதே அளவில் தாய்மாமன் வெள்ளைக்கண்ணு, மேலே குலசாமியும், கேட்காமலே இடம் பிடித்த தங்கமாயனும், கீழே வரிசையாகப் பங்காளிகளும் மாமன் மச்சான்களும். கடைசியில், ஆல்பர்ட் கடைப் பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் அழைப்பவர்கள் பெயர். செவ்வந்தியின் படம் இல்லை. அந்த ஊர்ப் பேனர்களில் சின்னக் குழந்தைகளைத் தவிர உயிரோடு இருக்கிற எந்தப் பெண்ணின் படமும் கிடையாது. பூப்புனித நீராட்டு விழாவுக்குக்கூட மாமன்மார் முகம்தான், பிள்ளைக்குப் பதில் ஒரு தாமரை. பெண்கள் பேனரில் வருவது கண்ணீர் அஞ்சலியில் மட்டும்.

முதல் நாளே வெள்ளைக்கண்ணு கயல்நிலாவிடமிருந்து ஒரு சாண் விலகினார். "வெயிலுக்குச் சுருங்கியிருக்கும்" என்றார் காஜா, செவ்வந்திக்குக் கேட்கும்படி. மறுநாள் அவர் பங்காளிகளைத் தாண்டிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் வலது ஓரத்துக்குப் போய், பேனரின் அடிமூலையில், ஆல்பர்ட்டின் செல் நம்பரை மிதித்துக்கொண்டு நின்றார். அதற்குக் கீழே போக இடமில்லை. கயல்நிலாவின் வலப்பக்கம் ஓர் ஆள் அளவுக்கு வெறும் ரோஜாப்பூ இருந்தது.

ஊருக்கு அதை வாசிக்கப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பிள்ளைகளை அங்கன்வாடியில் விட வந்த பெண்கள் செவ்வந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுக்கா, ஆம்பளைங்களே இப்பிடித்தான்" என்றார்கள். ஒருத்தி, தன் அண்ணன் படம் போன தையில் பேனரைவிட்டே இறங்கிப் பக்கத்து ஒயின்ஷாப் போர்டில் போய் நின்றதைச் சொல்லி ஆறுதல் படுத்தினாள். மலையரசன் வீட்டுக்கு வந்து, "பாத்தியா?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

செவ்வந்தி அதுவரை பேனரைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தாள். கிட்டே போனால் ஊர் தன் முகத்தை வாசிக்கும் என்று பயம். அடுத்த நாள் உச்சி வெயிலில், விலக்கில் ஒரு நாய்கூட இல்லாத நேரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பேனரின் மூலையில் நின்றாள். அடிவரிசை அவள் கண்மட்டத்துக்கு இருந்தது. அண்ணன் பட்டு வேட்டியில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் செல் நம்பரை மிதித்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அவர் தோள் ஒட்டிக்கொண்டிருந்தது வேறொன்றின் மேல். 'அன்புடன் அழைக்கும்: மு. மலையரசன் – செவ்வந்தி' என்ற வரியின் கடைசிச் சொல்லோடு ஒட்டி நின்றார் அவர். எழுத்தில் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. பெயருக்கு மேலே ஒரு தலை அளவுக்கு இடம் விட்டிருந்தார். அந்தப் பக்கமிருந்த பங்காளிப் படம் ஒன்று நெருக்கித் தள்ளப்பட்டுச் சாய்ந்திருந்தது. கூட்டமான பஸ்ஸில் முன்னால் ஏறி, காலை அகட்டி வைத்து, எத்தனை பேர் வைதாலும் தங்கைக்கு இடம் பிடித்து நிற்கிறவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றுகொண்டிருந்தார்.

குடைக்குள் செவ்வந்தி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நேராக ஆல்பர்ட் கடைக்குப் போனாள்.

"என் போட்டோவ ஒட்டணும்."

ஆல்பர்ட் சோற்றுப் பாத்திரத்தை மூடினார். "எதுல?"

"பேனர்லதான். எங்கண்ணன் பக்கத்துல ஒரு எடம் கெடக்கு."

"அக்கா, உசுரோட இருக்கிற பொம்பள போட்டோ இதுவர நான் அடிச்சதில்ல."

"செத்தப்பறம் வந்து ஒட்டச் சொல்லவா?"

ஆல்பர்ட் எழுந்து கேமராவை எடுத்தார். வெயிலில் வந்த வேர்வையோடு, அழுத கண்ணோடு, நெற்றியில் கலைந்த பொட்டோடு அவளை நிறுத்தி எடுத்தார். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டே, "கலர் கொஞ்சம் ஏத்தவா? எல்லாரும் ஏத்தச் சொல்லுவாங்க" என்றார்.

"வேணாம். அவருக்கு அடையாளம் தெரியணும்."

படத்தை ஸ்டிக்கராக அடித்து, ஏணி தேவைப்படாத அந்த மூலையில் ஆல்பர்ட் தன் கையாலேயே ஒட்டினார். பசை சரியாகப் பிடித்ததா என்று பார்க்க ஓரத்தை அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது விலக்கில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள்.

இதைத்தான் ஊரால் நம்ப முடியவில்லை. படங்கள் நடப்பதையும், சாலை கடப்பதையும், பிரியாணிக்குக் கூடுவதையும் டீயோடு சேர்த்து விழுங்கிவிட்ட ஊர், ஒரு பெண் உயிரோடு பேனரில் நிற்பதைப் பார்த்து டீயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றது. பஸ் டிரைவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். "என்னப்பா இது அதிசயமா இருக்கு" என்று சீமைச்சாமி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து பார்த்தார். "செவ்வந்திக்கு என்ன ஆச்சு? நல்லாத்தான இருந்துச்சு?" என்று கீழக்குன்னத்திலிருந்து இரண்டு பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். செவ்வந்தி அவர்களுக்கு மோர் கொடுத்து, மாலையை வாங்கிக் குலசாமி படத்துக்குப் போட்டாள்.

மலையரசன் மினிபஸ்ஸின் சாயங்கால நடையில் பார்த்துவிட்டு வந்தார். பஸ்ஸை விலக்கிலேயே ஓரங்கட்டிவிட்டு வேகமாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"யாரக் கேட்டு ஒட்டுன?"

"யாரையும் கேக்கலங்க. பிள்ள என்னோடதுதான?"

"ஊரே நின்னு பாக்குது."

"பாக்கத்தான கட்டுறது."

மலையரசன் தண்ணீர் கேட்டார். அவள் கொடுத்தாள். குடித்துவிட்டு, "எங்க போய் நின்னிருக்க, அந்தாளு பக்கத்துல" என்றார். அதில் முன்னிருந்த சூடு இல்லை. வேறு என்னவோ இருந்தது. பந்தியில் தனக்கு மட்டும் இலை கிடைக்காதவன் குரல் போல.

மறுநாள் அவர் முதல் நடை எடுக்கப் போகும்போது காஜா டீயை நீட்டிவிட்டு, வாயால் சொல்லாமல் தாடையால் பேனரைக் காட்டினார். கயல்நிலாவின் இடப்பக்கத்திலும் இப்போது வெறும் ரோஜாப்பூ இருந்தது. பேனரின் மூலையில், செவ்வந்திக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்கண்ணு, அந்தப் பக்கம் மலையரசன். தன்னுடைய படம் தன்னைக் கேட்காமல் படியிறங்கிப் போயிருப்பதை மலையரசன் டீ ஆறும்வரை பார்த்தார். எந்த ஊர்க்காரனையும் போல அவருக்கும் அதை வாசிக்கத் தெரியும். விலக்கில் நின்ற எல்லாருக்கும் வாசிக்கத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"விரோதம்னு சொன்னீங்க" என்றார் காஜா.

"ஆமா சொன்னேன்."

"போட்டோகிட்ட சொல்லலியா?"

மலையரசன் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்பி வரும்போது பேனரின் நடுவில் ரோஜாப்பூக்கள் மட்டும் இருந்தன. கயல்நிலாவும் இறங்கி வந்து, மூன்று பேர் தோளுக்கும் நடுவில் நுழைந்துகொண்டிருந்தாள். பங்காளிகள் கொஞ்சம் கொஞ்சமாக அதே மூலைக்குச் சரிந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய பேனரின் மேல்பாதியில் குலசாமியும் தங்கமாயனும் மட்டும் நின்றார்கள்.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மலையரசன், "டவுனுக்குத் துணி எடுக்கணும், வா" என்று செவ்வந்தியையும் குழந்தையையும் பஸ்ஸில் ஏற்றி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்தார். செவ்வந்திக்குத் துணி எடுத்து முடித்த விஷயம் ஞாபகம் இருந்தது. கேட்கவில்லை. பஸ் கீழக்குன்னத்துக்குள் நுழைந்ததும் அவர் புளியமரத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைக்கண்ணு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அழுத்தினார்.

வெள்ளைக்கண்ணு பனியனோடு வெளியே வந்தார். தலையில் பாதி முடி போயிருந்தது. பஸ் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

"என்ன மச்சான்" என்றார் மலையரசன், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே. "போட்டோ வந்து பத்து நாளாச்சு. ஆளு எப்ப வர்றதா இருக்கீங்க?"

"என்னக் கேட்டா போட்டோ போட்டீங்க, மாப்ள?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"நல்ல போட்டோவாக் குடுத்திருப்பேன். அதுல எனக்கு முடி இருக்கு. பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"நீங்க எப்ப பாத்தீங்க?"

வெள்ளைக்கண்ணு பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். வாசல்படியில் நின்ற அவர் பெண்டாட்டி சொன்னாள்: "தெனமும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வந்து பாத்துட்டுத்தான் வாராக. இந்த ஊர்ல யாரு ஹெல்மெட் போடுறா? எல்லாருக்கும் தெரியும்."

பஸ்ஸுக்குள் சிரிப்பு கிளம்பியது. வெள்ளைக்கண்ணுவின் காது சிவந்தது. "கொம்பு குட்டையாப் போச்சுன்னு அன்னைக்கே சொன்னனா இல்லையா?" என்றார் திடீரென்று, சத்தமாக.

"சொன்னீங்க."

"மடிக்கச் சொன்னது நானில்ல."

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சுமா ஆறு வருசம்?"

"நீங்க வந்து சாப்பிடச் சொல்லிக் கையப் பிடிச்சு இழுப்பீங்கன்னு நின்னேன். இழுக்கல. அதான்."

"நீங்க நின்னீங்களா?" என்றார் வெள்ளைக்கண்ணு. குரல் இறங்கிவிட்டது. "போயிட்டீங்கன்னு சொன்னானுங்க. பந்திக்குள்ளல்ல கெடந்தேன்."

"ஏப்பா டிரைவரு" என்று பின்சீட்டிலிருந்து ஓர் அம்மாள் கூப்பிட்டாள். "சீக்கிரம் ராசியாகுங்க. எனக்கு ஆசுபத்திரிக்குப் போகணும், டாக்டரு போயிருவாரு."

செவ்வந்தி அதுவரை எழுந்திருக்கவில்லை. இப்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள். ஆறு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவு முழுக்க நாக்கு நுனிக்கு வந்தது. எதிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"ஏண்ணே, உங்க ரெண்டு பேரு சண்ட உங்களோட. என்ன எதுக்குண்ணே விட்ட?"

வெள்ளைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பனியனோடேயே, செருப்பில்லாமல் பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர் பழக்கத்தில் டிக்கெட் கிழிக்கப் போய், மலையரசன் கண்ணாடியில் முறைத்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கயல்நிலா அந்தப் புது முகத்தைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, வழுக்கையில் கையை வைத்துத் தட்டினாள். ஆசுபத்திரிக்குப் போகவேண்டிய அம்மாள் தன் சீட்டில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

காதுகுத்து அய்யனார் கோயிலில் வேப்பமரத்தடியில் நடந்தது. வெள்ளைக்கண்ணு சீர்த்தட்டுகளோடு கொட்டடித்துக்கொண்டுதான் வந்தார். பஸ்ஸில் ஏறியது கணக்கில் வராது, முறை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி முதல் காதில் குத்தியதும் கயல்நிலா ஊரைக் கூட்டி அழுதாள். இரண்டாவது காதைக் காட்ட மாட்டேன் என்று மாமன் சட்டையைக் கிழித்தாள். "போதுமய்யா, ஒரு காது போதும்" என்று வெள்ளைக்கண்ணு கண் கலங்கிப்போய் ஆசாரி கையைப் பிடிக்க, "ஏன் மச்சான், ஒத்தக் காதோடவா கட்டிக்குடுக்கிறது?" என்று மலையரசன் அதட்டி, பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டார். குத்து முடிந்தது. தேங்காய் உடைத்தார்கள்.

அதற்கப்புறம் விலக்கில் பேனர் கட்டியவர்களில் சிலர் தங்கள் வீட்டுப் பெண்களின் படத்தையும் கொடுத்தார்கள். சிலர் தாமரையோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆல்பர்ட் எதையும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. கலர் ஏத்தவா என்று மட்டும் கேட்டார்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்குக் கோயிலில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கறிக்குழம்பில் உப்பு கூடிவிட்டது என்றார் வெள்ளைக்கண்ணு. கூடவில்லை, கிடா அப்படி என்றார் மலையரசன். கிடாவில் உப்பு இருக்குமா என்று கேட்டார் வெள்ளைக்கண்ணு. தின்கிற வாய் எப்படியோ உப்பும் அப்படி என்றார் மலையரசன். இலைக்கு இலை ஆள் சேர்ந்துவிட்டது. பங்காளிகள் ஒரு பக்கம், கீழக்குன்னத்தார் ஒரு பக்கம், நடுவில் சமையல்காரர் கரண்டியோடு நின்று தன் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி ஓடி வந்து செவ்வந்தியின் தோளை உலுக்கினாள். "ஏய், மறுபடி ஆரம்பிச்சுட்டாங்கடி, வந்து சொல்லேன்."

செவ்வந்தி காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், சத்தம் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து, தனக்கு ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். "கத்தட்டும் மதினி. இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்" என்றாள். சுடுசோற்றில் குழி பறித்து, குழம்பை நிறைய ஊற்றச் சொன்னாள். உப்பு கூடித்தான் இருந்தது.